நாலாவது கால்

மருத்துவத்தை நான்காகப் பிரித்துக் காட்டினார் வள்ளுவர். நோயுற்றவன் ஒருவன், நோயைத் தீர்ப்பவன் ஒருவன், மருந்து ஒன்று, அந்த மருந்தைப் பக்கத்திலிருந்து பக்குவமாகக் கொடுத்துக் காப்பவன் ஒருவன். இந்த நான்கும் கூடியதே மருத்துவம் என்றார். கட்டிலுக்குக் கால் நான்கு. ஒன்று ஒடிந்தாலும் படுத்திருப்பவன் தரையில்தான் விழுவான்!

நோயாளிக்கு இரங்க ஊர் இருக்கிறது. டாக்டரைப் போற்ற உலகம் இருக்கிறது. மருந்துக்கு விலை இருக்கிறது, விளம்பரம் இருக்கிறது, அதை விற்றுக் கோடி குவிக்கும் கம்பெனி இருக்கிறது. நாலாவது ஆளுக்கு என்ன இருக்கிறது?

அந்த நாலாவது ஆளைச் செவிலி என்கிறோம் நாம். பெற்றவள் நற்றாய், பேணி வளர்த்தவள் செவிலித்தாய் என்பது சங்கத் தமிழ் கண்ட முறை. ஆஸ்பத்திரியிலே இரவும் பகலும் கண் விழித்து நிற்பவளுக்கு அந்தப் பெயரைச் சூட்டியவர்கள் பொருள் அறிந்துதான் சூட்டினார்கள். பெயரைக் கொடுத்த உலகம் பெருமையைக் கொடுத்ததா? உழைப்புக்கேற்ற ஊதியத்தைக் கொடுத்ததா? ஏறிச் செல்ல ஒரு ஏணியையாவது கொடுத்ததா?

இந்தக் கேள்வியை இன்று ஒரு நோயை வைத்து, ஒரு நாட்டை வைத்துக் கேட்கிறோம். நோய், குடல் அழற்சி நோய். நாடு, பிரிட்டன். தொழில், அந்த நோய்க்கென்றே தனியாகப் பயின்று தேர்ந்த சிறப்பு நர்சுகளின் தொழில்.

"சீமையிலே உள்ள நர்சைப் பற்றி நமக்கென்ன கவலை?" என்று எந்தத் தோழரும் கேட்க மாட்டார். கடல் கடந்து போய் அந்த வேலையைச் செய்கிறவர்களில் நம் வீட்டுப் பெண்களும் இருக்கிறார்கள். அவர்கள் இல்லாவிட்டாலும் கேட்போம்! உழைப்பவன் வயிறு எந்த நாட்டிலும் வயிறுதான். உழைப்பவள் உரிமை எந்த நாட்டிலும் உரிமைதான்.

முதலில் நோயைப் பார்ப்போம்.

குடல்வால் வீங்கினால் ஆப்பரேஷன் செய்து அறுத்தெறிவார்கள், ஆள் பிழைத்துக்கொள்வான். இது அதுவல்ல. உடலைக் காக்க வேண்டிய காவற்படையே உடலின் குடலைத் தாக்குகிறது. வேலியே பயிரை மேய்கிறது! பெருங்குடலின் உட்புறம் புண்ணாகி இரத்தம் கசிவது ஒரு வகை. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்பர். 1859இல் லண்டன் டாக்டர் சாமுவேல் வில்க்ஸ் அந்தப் பெயரை எழுதினார். வாய் முதல் ஆசனவாய் வரை எந்த இடத்தையும் துளைத்துப் புண்ணாக்குவது மற்றொரு வகை. 1932இல் நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் என்ற மூவர் அதை விளக்கி எழுதினர். மூவரில் முதல் பெயர் நிலைத்துவிட்டது. குரோன் நோய் என்று உலகம் அழைக்கிறது.

ஒட்டுவாரொட்டி அல்ல இது. ஆனால் வந்தால் போகாது. பெரும்பாலும் இளமையிலே வரும், வாழ்நாள் முழுதும் தங்கும். சில மாதம் அடங்கிக் கிடக்கும், திடீரென்று சீறும். சீறும்போது ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, பதினைந்து தடவை கழிப்பறைக்கு ஓட வேண்டும். வயிற்றிலே வலி, மலத்திலே இரத்தம், உடம்பிலே சோர்வு.

சிரிப்பதற்குரிய செய்தியா இது? பஸ் ஓட்டுகிறான் ஒருவன். நடுவழியிலே வண்டியை நிறுத்திவிட்டு எங்கே ஓடுவான்? ஆலையிலே எந்திரத்தின் முன் நிற்கிறான் ஒருவன். மணிக்கு மூன்று முறை இடத்தை விட்டுப் போனால் மேஸ்திரி என்ன சொல்வான்? "வேலைக்கு லாயக்கற்றவன்" என்பான்! உண்மைக் காரணத்தைச் சொல்ல நாக்குக் கூசுகிறது. காய்ச்சல் என்று சொல்லலாம், கால் வலி என்று சொல்லலாம். இதை எப்படிச் சொல்வது? சொல்ல முடியாத நோய் இரண்டு மடங்கு நோய். பிரிட்டனிலே ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் இந்த நோயைச் சுமக்கிறார்கள். 123 பேருக்கு ஒருவர் என்று 2022இல் கணக்கு வெளிவந்தது. வெள்ளைக்கார நாட்டு நோய் என்று ஒரு காலத்தில் எண்ணினார்கள். இன்று இந்தியாவிலும் பெருகி வருவதை மருத்துவ ஏடுகள் எழுதுகின்றன.

இந்த நோயோடு மனிதன் நடத்திய போர் நெடியது. சுவீடன் நாட்டுப் பெண் டாக்டர் நன்னா ஸ்வார்ட்ஸ் 1940களில் சல்ஃபாசலசைன் மருந்தைத் தந்தார். 1955இல் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ட்ரூலவ், விட்ஸ் இருவரும் கார்ட்டிசோன் கொடுத்துப் பார்த்து, கடும் நோயாளிகளையும் பிழைக்க வைக்கலாம் என்று முறைப்படி சோதித்துக் காட்டினர். மருந்துக்கு மசியாதவர்களுக்குக் கத்திதான் கதி. பெருங்குடலை எடுத்துவிட்டு, சிறுகுடலின் முனையை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து, அங்கே ஒரு பையைப் பொருத்துவார்கள். அதைச் செம்மையாகச் செய்யும் முறையை 1952இல் பர்மிங்ஹாம் சர்ஜன் பிரையன் புரூக் வகுத்தார்.

சர்ஜன் வேலை முடிந்தது. நோயாளியின் வேலை? அன்றுதான் தொடங்கியது! பை ஒழுகினால் என்ன செய்வது? தோல் வெந்து புண்ணானால் என்ன செய்வது? கட்டியவளிடம் எப்படிக் காட்டுவது? வேலைக்கு எப்படிப் போவது? கத்தி பிடித்த கை இதற்கெல்லாம் விடை சொல்லவில்லை.

விடை சொன்னவள் ஒரு நோயாளி! அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரத்துப் பெண்மணி, நார்மா கில். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் அவரை வாட்டியது. 1954இல் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் அவருக்குக் குடல் நீக்கிப் பை பொருத்தினார்கள். பிழைத்து எழுந்தவர் சும்மா இருக்கவில்லை. தம்மைப் போலத் தவித்தவர்களைத் தேடிப்போய், பையை எப்படிப் பொருத்துவது, தோலை எப்படிக் காப்பது, தலை நிமிர்ந்து எப்படி நடப்பது என்று சொல்லிக் கொடுத்தார். சர்ஜன் ரூபர்ட் டர்ன்புல் அதைக் கண்டார். 1958இல் அவரை அழைத்து வேலையிலே அமர்த்தினார். 1961இல் இருவருமாக அந்தக் கலைக்கு ஒரு பள்ளியே தொடங்கினர். நார்மா கில் நர்ஸ் படிப்புப் படித்தவர் அல்லர். ஆனால் நர்சுகள் கற்கத்தக்க ஒரு புதுக் கலைக்கு அவர்தான் முதல் ஆசிரியை! பட்டம் பின்னால் வந்தது, பாடம் முன்னால் வந்தது.

இனி பிரிட்டனுக்கு வருவோம். அங்கே ஏழையும் பணக்காரனும் காசு கொடுக்காமல் வைத்தியம் பெறும் தேசிய சுகாதாரப் பணி 1948 ஜூலை 5ஆம் நாள் பிறந்தது. அதைப் பெற்றெடுத்த அமைச்சர் அன்யூரின் பெவன் யார்? வேல்ஸ் நாட்டு ட்ரெடிகர் ஊரில் நிலக்கரித் தொழிலாளியின் மகன். பதின்மூன்று வயதிலே தாமே சுரங்கத்தில் இறங்கியவர். அந்த ஊர்த் தொழிலாளர்கள் கூலியிலே சில காசுகளைச் சேர்த்து ஒரு மருத்துவ உதவிச் சங்கம் நடத்தி வந்தார்கள். ஊருக்குச் செய்ததை நாட்டுக்குச் செய்தார் பெவன். சுரங்கத்திலே முளைத்த விதை, நாடெங்கும் நிழல் தரும் மரமாயிற்று. அந்த மரத்தடியிலேதான் நாம் சொல்லும் சிறப்பு நர்சுகளும் நிற்கிறார்கள்.

1990களிலே சில மருத்துவமனைகள் ஒரு சோதனை செய்தன. குடல் அழற்சி நோயாளிகளுக்கென்றே ஒரு நர்சை வைத்தன. கேம்பிரிட்ஜ் நகரத்தில் அப்படி வைத்துப் பார்த்த முடிவை 2000இல் வெளியிட்டார்கள். நோயாளிகள் மருத்துவமனைக்கு வரும் நடை 38 விழுக்காடு குறைந்தது. படுக்கையில் கிடந்த நாட்கள் 19 விழுக்காடு குறைந்தன. ஒரே ஒரு நர்ஸ், தோழர்களே!

அவள் என்ன மந்திரமா போட்டாள்? மந்திரமில்லை, மாயமில்லை. டெலிபோனை எடுத்தாள்!

ஆம்! இந்த நோய் டாக்டர் கொடுத்த தேதியைப் பார்த்துச் சீறுவதில்லை. ஆறு மாதம் கழித்து வா என்று டாக்டர் சீட்டு எழுதுகிறார். ஆறாவது வாரத்திலேயே இரத்தம் கொட்டுகிறது. நோயாளி என்ன செய்வான்? முன்பெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பான், அல்லது நள்ளிரவில் அவசரப் பிரிவு வாசலில் விழுவான். இன்று ஒரு டெலிபோன் எண் இருக்கிறது. அடுத்த வேலை நாள் முடிவதற்குள் பதில் கிடைக்க வேண்டும், நோய் சீறினால் ஐந்து வேலை நாட்களுக்குள் பார்க்கப்பட வேண்டும் என்று 2019இல் வகுத்த தர விதிகள் சொல்கின்றன. அந்த டெலிபோனின் மறுமுனையிலே இருப்பவள்தான் சிறப்பு நர்ஸ். எத்தனை முறை போகிறது, இரத்தம் உண்டா, காய்ச்சல் உண்டா, மாத்திரையை நிறுத்திவிட்டாயா என்று கேட்பாள். "பயப்படாதே, மருந்தை இவ்வளவு கூட்டு" என்பாள்; அல்லது "இப்போதே புறப்பட்டு வா, தாமதிக்காதே" என்பாள். எதைச் சொல்வது என்று அறிவதில்தான் இருக்கிறது அவள் திறமை. பிசகினால் ஒரு குடல் போகும். ஓர் உயிரும் போகும்.

1998இல் அமெரிக்கா இன்ஃப்ளிக்சிமாப் என்ற மருந்துக்கு ஒப்புதல் தந்தது. அதன் வழியே அந்த இனத்து மருந்துகள் பல வந்தன. குடலைத் தின்னும் காவற்படையை அடக்கும் வல்லமை உள்ளவை அவை. ஆனால் காவற்படையை அடக்கினால் திருடனுக்குக் கொண்டாட்டமல்லவா! உடம்பிலே மறைந்து கிடக்கும் காசநோய் தலை தூக்கலாம். ஆகவே மருந்து ஏற்றுமுன் நெஞ்சுப் படம் பார்க்க வேண்டும், இரத்தம் பார்க்க வேண்டும். முதல் ஊசிக்குப் பின் இரண்டாம் வாரம், ஆறாம் வாரம், அப்புறம் எட்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பிலே ஏற்ற வேண்டும். அசதயோபிரின் தின்பவனுக்கு வெள்ளணு குறைகிறதா, ஈரல் கெடுகிறதா என்று இரத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்டீராய்டு நெடுநாள் தின்றால் எலும்பு உளுத்துப்போகும். எப்போது நிறுத்துவது என்று கணக்கு வைக்க வேண்டும்.

கண்டுபிடித்தவர்கள் விஞ்ஞானிகள். எழுதிக் கொடுப்பவர்கள் டாக்டர்கள். கண்காணிப்பவள்? கணக்கு வைப்பவள்? ஆயிரம் பேரின் இரத்தச் சோதனை முடிவுகளில் ஒரே ஒரு எண் தவறி நிற்பதைக் கண்டு துணுக்குற்று, மாலை ஐந்து மணிக்கு டெலிபோனை எடுப்பவள்? அந்த நாலாவது கால்தான்!

பிள்ளை பெற விரும்பும் பெண் கேட்கிறாள், "இந்த மருந்து என் குழந்தையைக் கெடுக்குமா?" என்று. கல்லூரி செல்லும் இளைஞன் கேட்கிறான், "வகுப்பிலே நான் என்ன சொல்லட்டும்?" என்று. டாக்டரின் பத்து நிமிடத்திலே இந்தக் கேள்விகளுக்கு இடமேது? இவை வந்து இறங்கும் மடி, செவிலியின் மடி. 2020 மார்ச்சில் கொரோனா பாய்ந்து வந்தபோது, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து தின்பவர்கள் எல்லாம் நடுங்கிப் போனார்கள். "மருந்தை நிறுத்தட்டுமா? வீட்டைப் பூட்டிக்கொண்டு கிடக்கட்டுமா?" என்று டெலிபோன் ஓயாமல் அலறியது. பதில் சொல்ல வேண்டிய நர்சுகளில் பலரைப் பிடித்து வேறு வார்டுக்கு அனுப்பினார்கள். மிச்சமிருந்தவர்கள் இடுப்பொடியப் பதில் சொன்னார்கள்.

இவ்வளவு பெரிய வேலைக்கு எப்படி வருகிறாள் ஒருத்தி? (ஆண்களும் உண்டு, பெரும்பாலோர் பெண்கள்.) மூன்றாண்டு பட்டப்படிப்பு. பதிவேட்டில் பெயர். பின்பு ஊதிய ஏணியிலே ஐந்தாம் படி. 2004 முதல் அங்கே இந்தப் படிமுறை நடக்கிறது. வயிற்று நோய் வார்டில் சில ஆண்டு உழைத்து, ஆறாம் படியில் குடல் அழற்சிப் பிரிவுக்கு வருவாள். மேற்படிப்புப் படிப்பாள். மருந்து எழுதும் உரிமைக்குத் தனிப் பயிற்சி பெறுவாள். 1992இல் சட்டம் இயற்றி, சிறு பட்டியலாகத் தொடங்கிய அந்த உரிமை 2006இல்தான் ஏறத்தாழ எல்லா மருந்துக்கும் விரிந்தது. சிலர் குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி கற்பார்கள். ஏழாம் படியிலே சிறப்பு நர்ஸ். எட்டிலே முதுநிலை நர்ஸ். அதன் மேல் கட்டிலே ஆலோசக நர்ஸ் என்று மிகச் சிலர். 2025-26 கணக்கில் இங்கிலாந்தில் ஐந்தாம் படியின் தொடக்கம் ஆண்டுக்கு 31,049 பவுன். ஏழாம் படியின் தொடக்கம் 47,810 பவுன்.

ஏணி இருக்கிறதே, இன்னும் என்ன குறை என்று கேட்கலாம். ஏணி இருக்கிறது, படிகளை எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்!

முதற் குறை, ஆள் பஞ்சம். இரண்டரை லட்சம் மக்களுக்கு ஒன்றரை நர்ஸ் வேண்டும் என்று 2009இல் விதி வகுத்தார்கள். அது போதாது, ஒரு நர்சுக்கு 500 நோயாளிக்கு மேல் கூடாது, ஆகவே இரண்டரை நர்ஸ் வேண்டும் என்று பேராசிரியர் ஆலிசன் லீரியும் உடன் ஆய்ந்தவர்களும் கணக்கிட்டுக் காட்டினர். 2019இல் அதுவே விதியாயிற்று. விதி ஏட்டிலே இருக்கிறது, நாட்டிலே? 2021இல் வெளிவந்த அறிக்கை, பெரும்பாலான மருத்துவமனைகள் அந்த அளவை எட்டவில்லை என்றது.

அந்த விதியையும் சற்று உரசிப் பார்ப்போம். 123 பேருக்கு ஒருவர் நோயாளி என்றால், இரண்டரை லட்சம் பேரில் ஏறக்குறைய 2,030 நோயாளிகள். இரண்டரை நர்சுக்குப் பகிர்ந்தால் தலைக்கு 800க்கும் மேல்! 500 என்ற கணக்கு நிற்க வேண்டுமானால் நான்கு பேர் வேண்டும். விதியை எட்டிய இடத்திலேயே இந்த நிலை என்றால், எட்டாத இடத்தின் கதி என்ன? வாரத்துக்கு முப்பத்தேழரை மணி வேலை. விடுப்பைக் கழித்துப் பாருங்கள். 500 பேர் என்றால் ஒரு நோயாளிக்கு ஓர் ஆண்டு முழுவதற்கும் மூன்று மணியும் கொஞ்சமும் கிடைக்கும். 800 பேர் என்றால் இரண்டு மணி. இரண்டு மணி நேரத்தில் ஒரு மனிதனின் ஓராண்டு வேதனையைத் தீர்த்துவிட வேண்டுமாம்!

இரண்டாவது குறை, பெயர்க் குழப்பம். பிரிட்டனில் 17,960 சிறப்பு நர்ஸ் பதவிகளை ஆராய்ந்து 2017இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அத்தனை பதவிக்கும் எத்தனை பெயர் தெரியுமா? 595! ஒரே வேலைக்கு ஓர் ஊரில் ஒரு பெயர், அடுத்த ஊரில் வேறு பெயர். அந்தப் பெயர்களைத் தாங்கியவர்களில் நர்ஸ் பதிவேட்டிலேயே இல்லாதவர்களும் இருந்தார்கள் என்பதுதான் கொடுமை. பதிவு பெற்ற நர்ஸ் என்ற பட்டத்துக்குச் சட்டக் காவல் உண்டு. வெறும் நர்ஸ் என்ற பெயருக்கு இல்லை. அதற்கும் காவல் தருவோம் என்று 2025 மே மாதத்தில்தான் அரசு அறிவித்தது. வாய்க்கால் வெட்டத் தொடங்கியிருக்கிறார்கள். வயலுக்குத் தண்ணீர் வரட்டும், பார்ப்போம்.

பெயரிலே என்ன இருக்கிறது என்பார்கள். இருக்கிறது, தோழர்களே! ஆலையிலே ஃபிட்டருக்கும் எடுபிடிக்கும் ஒரே பெயர் வைத்தால், முதலாளி எந்தக் கூலியைக் கொடுப்பான்? பெயர் தெளிவாக இல்லாத இடத்தில் கூலியும் தெளிவாக இராது. ஒரே வேலையைச் செய்கிறவர்களில் ஒருத்தி ஆறாம் படியிலும் மற்றொருத்தி ஏழாம் படியிலும் நிற்பதன் காரணம் இதுதான்.

மூன்றாவது குறை, இரவல் பணம். நோயாளிகள் 1979இல் தாங்களே கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். இன்று அது குரோன், கொலைட்டிஸ் நோயாளிகளுக்கான நாடளாவிய சங்கம். நர்சுகளின் எண்ணிக்கையைக் கூட்டக் குரல் கொடுத்தது அந்தச் சங்கம், பணமும் திரட்டியது. மருந்துக் கம்பெனிகளின் உதவியோடும் சில இடங்களில் பதவிகள் தொடங்கின. சங்கத்தைப் போற்றுகிறோம். ஆனால் அரசு செய்ய வேண்டியதை நோயாளி உண்டியல் ஏந்திச் செய்வது அரசுக்குப் பெருமையா? மருந்து விற்பவன் பணத்தில் மருந்தைக் கண்காணிப்பவளை வைப்பது முறையா? அந்தப் பணம் இரண்டாண்டில் தீர்ந்தால், அவள் பதவியும் தீருமா?

நான்காவது குறை, உயர வேண்டுமானால் விலக வேண்டும் என்ற நிலை. பதினைந்து ஆண்டு உழைத்து, ஒரு நோயாளியின் குரலைக் கேட்டே நோயின் அளவை அறியும் திறமை பெற்றவள், ஏழாம் படியில் நிற்கிறாள். அதற்கு மேல் நோயாளியோடு இருந்துகொண்டே ஏறும் இடங்கள் விரல் விட்டு எண்ணத்தக்கவை. நிர்வாகத்துக்குப் போ, நோயாளியை விடு, கோப்பைப் பிடி, ஊதியம் உயரும்! நல்ல உழவனைப் பார்த்து, "ஏரை விட்டுவிடு, கணக்கப்பிள்ளையாகு, அரிசி தருகிறேன்" என்பது போலல்லவா இருக்கிறது! அவள் போகாமல் நின்றாலும், அவளுக்குப் பின் யார்? ஒரே நர்ஸ் உள்ள மருத்துவமனையில் அவள் ஓய்வு பெறும் நாளில், இருபதாண்டு அனுபவமும் அவளோடு வாசலைத் தாண்டிப் போய்விடுகிறது. பின்னால் வருபவளைப் பக்கத்தில் வைத்துப் பழக்க, முன்கூட்டியே ஓர் ஆளை அமர்த்துபவர் எத்தனை பேர்?

எதிர்ப்பேச்சும் நம் காதில் விழாமலில்லை.

"நர்ஸ் வைப்பதால் நோய் குறைகிறது என்பதற்கு உறுதியான சான்று எங்கே?" என்று கேட்பர் சிலர். உண்மையை மறைக்க மாட்டோம். 2009இல் காக்ரேன் குழுவினர் தேடியபோது, முறைப்படி சீட்டுப் போட்டுப் பிரித்துச் செய்த சோதனை ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. அதுவும் வலுவானது அல்ல. ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அதற்குப் பொருள் என்ன? நர்ஸ் பயனற்றவள் என்பதா? அல்ல! மருந்தைச் சோதிக்கப் பணம் கொட்டிய உலகம், செவிலியின் உழைப்பைச் சோதிக்கக் காசு ஒதுக்கவில்லை என்பதே பொருள். எடை போடாமல் வைத்திருந்து, எடை இல்லை என்று தீர்ப்புக் கூறுவது நியாயமா?

"டாக்டர் வேலையை நர்ஸ் செய்வதா?" என்று முகம் சுளிப்பர் சிலர். டாக்டர்களே முகம் சுளிக்கவில்லை. நல்ல டாக்டர்கள்தான் முதலில் அழைத்து அமர்த்தினார்கள். ஐரோப்பிய நாடுகளின் குரோன், கொலைட்டிஸ் மருத்துவர் அமைப்பே, நர்சுகளுக்கென்று தனிக் கிளை அமைத்து, அவர்கள் ஆற்ற வேண்டிய பணி இன்னது என்று 2013இல் முறை வகுத்து, 2018இல் புதுக்கியது. மேலிருப்பவர் வேலையைக் கீழிருப்பவர் செய்யலாகாது என்பது மருத்துவமல்ல. அது பழைய வருண வாசனை. வேலைக்குத் தகுதி பயிற்சிதான், பதவிப் பட்டையல்ல.

"பணம் எங்கே?" என்பது கடைசி அம்பு. ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான பவுன் விலையுள்ள மருந்தை நரம்பிலே ஏற்றப் பணம் இருக்கிறது. அந்த மருந்து வேலை செய்கிறதா, வீணாகிறதா என்று பார்க்க ஆள் வைக்கப் பணம் இல்லை! யானை வாங்கியவன் அங்குசத்துக்கு அழுத கதை!

பொறுமையின் வடிவம் செவிலி என்று புகழ்ந்து புகழ்ந்தே அவள் வாயை அடைத்தார்கள். 1916இல் தோன்றிய ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங், வேலை நிறுத்தம் செய்யோம் என்ற விதியை 1995 வரை வைத்திருந்தது. அப்படிப்பட்டவர்கள் 2019 டிசம்பரில் வட அயர்லாந்திலும், 2022 டிசம்பர் 15ஆம் நாள் இங்கிலாந்திலும் வேல்சிலும் வட அயர்லாந்திலும் மறியல் வரிசையில் நின்றார்கள். 2023இல் அரசு 5 விழுக்காடு என்றது, அவர்கள் மறுத்தார்கள், மற்றச் சங்கங்களின் பெரும்பான்மையால் அது முடிவாயிற்று. மீண்டும் இங்கிலாந்தில் வாக்கெடுத்தார்கள். வாக்களித்தவர்களில் 84 விழுக்காட்டினர் போராட்டம் என்றார்கள். ஆனால் வாக்களிக்க வந்தவர்கள் 43 விழுக்காடு. 50 விழுக்காடு வந்தாக வேண்டும் என்று 2016இல் இயற்றிய சட்டம் கதவைச் சாத்தியது. இதிலே தொழிலாளத் தோழர்களுக்கு ஒரு பாடம் உண்டு: நியாயம் நம் பக்கம் இருந்தால் மட்டும் போதாது, எண்ணிக்கையும் வாசல் வரை நடந்து வந்தாக வேண்டும்!

அந்த நாட்டுப் பதிவேட்டில் இருக்கும் நர்சுகளில் ஐந்தில் ஒருவருக்குக் குறையாமல் வெளிநாட்டில் பயின்றவர்கள். அவர்களை அனுப்பும் நாடுகளில் முன்வரிசையில் நிற்கிறது இந்தியா. இங்கே பத்தாண்டு உழைத்துப் பழகிய கைகள் அங்கே போய் ஐந்தாம் படியில் தொடங்குகின்றன. ஏழாம் படிக்கு வழி எது என்று சொல்வாரில்லாமல் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஆகவே அந்த ஏணியைச் செப்பனிடுவது அவர்கள் நாட்டு வேலை மட்டுமல்ல. நம் வீட்டுப் பிள்ளைகளின் வாழ்வும் அதிலே தொங்குகிறது.

நாம் கேட்பது வானத்து நிலவை அல்ல. 500 நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்ற கணக்கு, இன்றைய நோயாளி எண்ணிக்கைக்கு ஏற்ப நிறைவேறட்டும். 595 பெயர்களும் ஒழிந்து, ஒரு பெயர், ஒரு பயிற்சி, ஒரு படி, ஒரு சட்டக் காவல் வரட்டும். பதவிக்கு அரசுப் பணம் நிலையாக வரட்டும். மருந்துக் கம்பெனியின் இரவல் வேண்டாம். வார்டிலே ஆள் குறைந்தால் அவளை இழுத்துப் போட்டு டெலிபோனை ஊமையாக்கும் வழக்கம் ஒழியட்டும். நோயாளியின் பக்கத்தில் இருந்துகொண்டே உயரும் படிகள் பெருகட்டும். ஓய்வு பெறுபவளின் பக்கத்திலே, அவள் போகுமுன்பே ஒரு மாணவி நிற்கட்டும்.

இரவு வேலை முடித்து வீடு திரும்பிய ஒரு தொழிலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த எண்ணைச் சுழற்றுகிறான் என்று வைத்துக்கொள்வோம். மணி அடிக்கிறது... அடித்துக்கொண்டே இருக்கிறது. அந்தப் பக்கத்தில் ஒரு குரல் எழ வேண்டும். அந்தக் குரலுக்குப் பின்னால் படிப்பு இருக்க வேண்டும், நேரம் இருக்க வேண்டும், நாளைக்கும் இந்த வேலை நமக்கு உண்டு என்ற நிம்மதி இருக்க வேண்டும்.

நாலாவது காலைப் பழுது பாருங்கள். கட்டில் தானே நிற்கும்!